ஐந்து மணி வெயிலில் மூன்றாம் சுற்று

புள்ளி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நால்வருக்கும்,

அடுத்த மாதம் எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம். மாறுவது அலுவலக வேலைதான் என்றாலும், அதோடு நமது சங்கத்தின் புள்ளி நடுவர் வேலையையும் விட்டுப் போகிறேன். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒன்பது வருடம் சண்டைக் கூண்டின் ஓரத்தில் இருந்தவளுக்கு அந்தச் சொல்லைப் பாவிக்க உரிமை உண்டு.

விதிகளை இங்கே எழுதப்போவதில்லை. எம்.எம்.ஏ. என்னும் கலப்புச் சண்டையின் விதிப்புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்த அதைத் தமிழில் எழுதியவள் நான். எந்த அடிக்கு எவ்வளவு மதிப்பு, எந்தப் பிடி எப்போது கணக்கில் சேரும் என்பதெல்லாம் அதிலே ஒழுங்காக இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அது நான் விட்ட ஒரு பிழை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அம்மா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். நான் எழுதும்போது அம்மா பக்கத்தில் வந்து இருப்பார். வாசிப்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. சங்கத்தின் செயலாளர் ஒரு நாள் அந்த ஆங்கிலப் புத்தகத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, யாராவது மொழிபெயர்ப்பீர்களா என்று கேட்டபோது முதலில் எழுந்தவள் நான்தான். இரண்டு மாதத்தில் முடித்துக் கொடுத்தேன். புத்தகத்தை முழுதாகத் தெரிந்த ஆள் வேறு இல்லை என்பதால் என்னையே நடுவர் கதிரையிலும் இருத்தினார்கள்.

வீரர்களுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு அடியும் வாங்காத ஆள் எங்கட அடியை எண்ணுறா" என்று என் காதுபடச் சொன்னார்கள். பிறகு 'டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். எனக்கு அது உள்ளுக்குள் இனித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மாகாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாவட்டத்துக்கு ஒருவராக, ஓய்வு பெற்ற வீரர்களைப் பயிற்றுநர் வகுப்புக்கு எடுக்கிறார்கள். வகுப்பு முடித்தவருக்குத் தன் மாவட்டத்திலேயே நிரந்தரப் பயிற்றுநர் வேலை. நிபந்தனை ஒன்றுதான். அவர் அந்த மாவட்டத்தின் ஆகச் சிறந்த வீரராக இருந்திருக்க வேண்டும். அதைச் சங்கம் காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும்.

இரண்டு பெயர்தான் இருந்தது. கிண்ணியா ஊர் றிஸ்வான் நானா, சல்லி ஊர் ஜெகன் அண்ணா. இருவரும் ஒருநாளும் கூண்டுக்குள் சந்தித்ததில்லை. றிஸ்வான் நானா உச்சத்தில் இருந்த காலத்தில் ஜெகன் அண்ணா பள்ளிச் சீருடையோடு வேலியில் தொங்கிப் பார்த்தவர். ஜெகன் அண்ணாவின் காலம் தொடங்கியபோது றிஸ்வான் நானாவுக்குத் தோள் போய்விட்டது. அந்த வேலை இருவருக்கும் தேவைப்பட்டது. ஜெகன் அண்ணாவுக்குக் கொஞ்சம் அதிகமாக. முழங்கால் பழுதாகிக் கடலுக்குப் போக ஏலாமல், சல்லிக் கரையில் மீன் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு காலத்து ஆட்களை எப்படி ஒப்பிடுவது? தேத்தண்ணிக் கடைகளில் அந்த நாட்களில் வேறு கதை இல்லை. கிண்ணியா ஆட்கள், எங்கட ஆளுக்கு முன்னால் எடை பார்த்தா எதிராளியை விட்டார்கள் என்று கேட்டார்கள். அது உண்மை. அந்த ஆரம்ப காலத்தில் எடைப்பிரிவு பெயருக்குத்தான். தன்னைவிடப் பெரிய ஆட்களை அவர் ஒரே நாளில் இரண்டு பேராகக்கூட வென்றிருக்கிறார். அதற்குச் சல்லி ஆட்களின் பதில், உங்கட ஆள் அடித்ததெல்லாம் கை மட்டும் தெரிந்தவனையும் கால் மட்டும் தெரிந்தவனையும்தானே என்பது. அதுவும் உண்மை. ஜெகன் அண்ணாவின் காலத்தில் எதிராளிகள் குத்தும் பழகி, உதையும் பழகி, நிலத்துப் பிடியும் பழகி, அவருடைய பழைய சண்டைகளைக் கைபேசியில் பார்த்து, அவருக்கென்றே தயாராகி வந்தார்கள்.

முடிவு சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர். செயலாளர், போட்டி நாட்களில் காயம் பார்க்கும் டொக்டர், நான். வெற்றி தோல்வியை மட்டும் எண்ணித்தான் முதலில் தொடங்கினேன். ஒரு தகவல் கேட்கச் சல்லிக்குப் போனபோது ஜெகன் அண்ணா என் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாடைக் காத்துக்குப் பிடிச்ச மீனையும் கச்சான் காத்துக்குப் பிடிச்ச மீனையும் ஒரே தராசில போடலாம் டீச்சர். நிறை காட்டும். கடல் எப்பிடி இருந்ததெண்டு காட்டாது."

திரும்பி வந்து புதிய தாள் எடுத்தேன். எதிராளி அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தார், எடை வித்தியாசம் எவ்வளவு, காயத்தோடு இறங்கினாரா, எப்படி முடித்தார் என்று நிரல்கள் கீறினேன். ஒவ்வொருவருடைய உச்சமான ஐந்து வருடத்தை மட்டும் எடுப்போம், வயது போன பிறகு வந்த தோல்விகளை விட்டுவிடுவோம் என்று மூவரும் முடிவு செய்தோம். அது நியாயமான முறை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

நிரப்பி முடித்தபோது இருவரும் ஏறத்தாழச் சமமாக வந்தார்கள். எதிராளிகளின் தரத்தில் ஜெகன் அண்ணா மேலே. ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணில் குத்தியது. றிஸ்வான் நானா தன் ஐந்து வருடத்தில் தோற்கவே இல்லை. ஜெகன் அண்ணா ஒரு முறை தோற்றிருந்தார், ஐந்தாவது வருடத்தில், முழங்கால் நல்லாக இருந்தபோது. டொக்டர் அதிலேயே பேனையை வைத்தார். உச்சத்தில் நிற்கிற ஆள் தோற்கக்கூடாது, இதோடு கதை முடிந்தது என்றார். செயலாளரும் தலையாட்டினார். புதன்கிழமைக் கூட்டத்தில் ஒப்பம் வைக்க நல்ல பிரதி ஒன்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். உங்கட எழுத்தில் போனால்தான் வடிவு என்றும் சொன்னார்.

பதிவுகள் இருந்த கோவையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தத் தோல்வியின் புள்ளித் துண்டுகள் உள்ளே இருந்தன. முதல் சுற்று ஜெகன் அண்ணாவுக்கு, இரண்டாவது எதிராளிக்கு என்று மூன்று நடுவர்களும் ஒத்துப்போயிருந்தார்கள். மூன்றாவதில் ஒருவர் ஜெகன் அண்ணாவுக்குக் கொடுத்திருந்தார், ஒருவர் எதிராளிக்கு. எஞ்சியது ஒரு துண்டு. அதில் ஜெகன் அண்ணாவின் பெயருக்குக் கீழே, சுற்றைத் தோற்றவருக்குப் போடும் ஒன்பது, அழகான வால் வைத்து. பக்கத்தில் என் ஒப்பம்.

அந்த மண்டபத்தை உங்களுக்குத் தெரியும். மேற்கே, உள்துறைமுகப் பக்கம் சுவர் இல்லை. அன்றைக்குப் போட்டிகள் இழுபட்டு, கடைசிச் சண்டை தொடங்கவே நாலரை தாண்டிவிட்டது. நான் கிழக்குப் பக்கக் கதிரையில். மூன்றாம் சுற்றில் சூரியன் இறங்கி, துறைமுகத் தண்ணீரில் பட்டு, கூண்டு வலைக்குள்ளால் நேரே என் முகத்துக்கு வந்தது. ஜெகன் அண்ணா கீழே, எதிராளி மேலே, இரண்டு கறுப்பு நிழல்கள். மேலே இருந்த நிழலின் கை அசையும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் நின்ற சனம் ஆர்ப்பரித்தது. இவ்வளவு சத்தம் என்றால் அடி விழுகிறது என்று நினைத்தேன். மணி அடித்தது, துண்டைக் கேட்டு ஆள் வந்து நின்றார், எழுதிக் கொடுத்தேன். அடி விழுந்ததை நான் காணவில்லை என்று சொல்லலாம் என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. பரீட்சையில் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாமல் படித்து வந்தவள் நான்.

அது பிழையின் பாதிதான். ஒரு மாதம் கழித்துச் சங்கத்து வாகனச் சாரதி தன் கைபேசியில் எடுத்த காணொளியைக் காட்டினார். தண்ணீர்ப் பக்கம் நின்று எடுத்தது. எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. மேலே இருந்தவரின் குத்துகள் ஜெகன் அண்ணாவின் முன்கைகளில் பட்டு விழுந்துகொண்டிருந்தன. கீழே கிடந்தபடியே அவர் இரண்டு முறை எதிராளியின் கையைப் பூட்டி, இடையிடையே முழங்கையால் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுற்று அவருடையது. சந்தேகமே இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். அங்கே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜெகன் அண்ணா அதற்குப் பிறகு இரண்டு சண்டை பிடித்தார். இரண்டிலும் தயங்கித் தயங்கி நின்று தோற்றார். பிறகு முழங்காலும் போய் நிறுத்திக்கொண்டார். அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

நல்ல பிரதியை, கோவையைக் கொண்டுவந்த அன்று இரவு எழுத ஏலாமல் போயிற்று. அடுத்த நாள், றிஸ்வான் நானாவின் பழைய சண்டைகள் சிலவற்றுக்குப் பதிவு இல்லை, கேட்க வேண்டும் என்று காரணம் சொல்லிக் கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். அவர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் பாய் விரித்து ஊர் இளைஞர்களைப் பழக்குகிறார். ஜெகன் அண்ணாவை அன்று 'வென்ற' ஆளும் அவர் பழக்கியவர்தான். மூலையில் நின்று குரல் கொடுத்ததும் அவரேதான்.

"இரிங்க தங்கச்சி" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். உங்கள் இருவரில் யார் பெரிய ஆள் என்று கேட்டேன். "என்னட்டக் கேட்டா நான். அவனட்டக் கேட்டா அவன். அப்பிடி நினைக்காத ஆள் கூண்டுக்குள்ள போவானா?" என்று சிரித்தார். பழைய சண்டைகளைச் சொன்னார், எழுதினேன். பிறகு அந்தச் சண்டையைப் பற்றிக் கேட்டேன்.

"அது எண்ட ஆள் வெண்ட சண்டை இல்ல, நான் வெண்ட சண்டை" என்றார். "ரெண்டாம் சுத்து முடியக்குள்ள பாத்தன். கடல்ல பட்ட வெயில் நேரா உங்கட மூஞ்சியில. நீங்க கொப்பிய நெத்தியில வச்சி மறைச்சிக்கிட்டு இருந்தீங்க. எங்கட ஆக்கள உங்களுக்குப் பின்னால போய் நிக்கச் சொன்னன். இவன் கைய அசைச்சாலே போதும், சத்தம் போடுங்க எண்டன்."

"அப்ப அந்தச் சுற்று?"

"ஜெகன்ட சுத்துத்தான். எண்ட ஆளுக்கே தெரியும். வெண்டான் எண்டு கையத் தூக்கினப்ப அவன் என்னத்தான் பாத்தான்."

விதியில் அதற்குத் தடை இல்லை. சனம் எங்கே நின்று எப்போது கத்த வேண்டும் என்று புத்தகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அவரில் கோபம் வரவில்லை. என் கண்ணின் நிலையை ஒரு சுற்று இடைவெளியில் கண்டுபிடித்த ஆள் அவர். நான்தான் கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் இருவருக்கும் இடையில் இப்போது நிற்பது அந்த ஒரு சண்டைதான், புதன்கிழமை நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். அவர் கையில் இருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க அந்த உண்மையச் செல்லாட்டி வகுப்பு எனக்குத்தானே?"

"ஓம் நானா."

சாவியை மேசையில் வைத்தார். "உண்மையச் செல்லுங்க" என்றார். "ஆனா சத்தத்தையும் சேத்துச் செல்லுங்க. எண்ட மூளைக்கும் ஒரு புள்ளி விழட்டும்."

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் பஸ் மெல்லப் போயிற்று. நான் பயந்தது சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்பதற்கு இல்லை. அப்பா தன் கூட்டாளிகளிடம் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது: "என்ர மகள் எழுதினால் எழுதினதுதான்." துறைமுக வாசலில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். எங்கள் வீட்டில் முதல் முதல் எழுதப் பழகிய கை, எழுதியது பிழை என்று எழுத வேண்டும். சொல்லாமல் விட எத்தனையோ காரணம் கிடைத்தது. முடிவை எப்படியும் மாற்ற முடியாது. மற்ற நடுவரும் பிழைதானே விட்டார். றிஸ்வான் நானாவும் தகுதி இல்லாத ஆள் இல்லையே. ஒவ்வொரு காரணமும் உண்மையாக இருந்ததுதான் கரைச்சல்.

புதன்கிழமை நல்ல பிரதி இல்லாமல் போனேன். வெயில், சத்தம், துண்டு, காணொளி, ஒன்றையும் விடாமல் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"காணொளி பார்த்த நேரமே ஏன் சொல்லேல்ல?"

"வெட்கம், டொக்டர்."

செயலாளர் மென்மையான மனிதர். அந்தச் சண்டையின் முடிவை இனி மாற்ற ஏலாது பிள்ளை என்றார். முடிவு அப்படியே இருக்கட்டும், அதை வைத்து ஒரு ஆளை அளக்க வேண்டாம் என்றேன். கூட்டறிக்கையில் இதை எழுத வேண்டி வரும், மாகாணத்துக்கும் போகும் என்று எச்சரித்தார்.

"ஓம் சேர். நானே எழுதுறன்."

றிஸ்வான் நானாவின் சத்தத்தையும் சொன்னேன், வாக்குக் கொடுத்தபடி. டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படியென்றால் பயிற்றுநராகப் போக வேண்டியது இந்த மனிசன்தானே என்றார். பகிடியாகத் தொடங்கியது பகிடியாக முடியவில்லை. அரை மணித்தியாலம் அதைக் கதைத்தோம். கடைசியில் செயலாளர் மாகாணக் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் வாசித்தார். கேட்டிருந்தது ஆகச் சிறந்த பயிற்றுநரை இல்லை, ஆகச் சிறந்த வீரரை. அந்தத் தோல்வியை எடுத்துவிட்டால் எஞ்சுவது எதிராளிகளின் தரம். ஜெகன் அண்ணாவின் பெயர் போயிற்று. என் பிழையை என் எழுத்தில், அதே வால் வைத்த எண்களோடு, ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பம் வைத்தேன்.

செய்தியை நானே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சல்லிக் கரையில் ஜெகன் அண்ணா தராசடியில் நின்றார். வகுப்புக்குத் தெரிவானதைச் சொன்னேன், முகம் மலர்ந்தது. பிறகு ஏன் தெரிவானார் என்பதையும் சொன்னேன். காணொளியையும் மறைக்கவில்லை. மீன் வாங்க நின்றவரைக் கை காட்டிப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மணி அடிச்ச நேரம் எனக்கு வடிவாத் தெரியும், நான் வெண்டிட்டன் எண்டு" என்றார். சத்தம் போடவில்லை. "பிறகு மற்றவன்ர கையைத் தூக்கினாங்கள். மூண்டு பேரில ரெண்டு பேர் பொய் சொல்லுவினமோ? வெல்லுறது எது, தோக்கிறது எது எண்டு என்ர உடம்புக்குத் தெரியாமப் போச்செண்டு நினைச்சனான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு அடியும் யோசிச்சு யோசிச்சுத்தான் அடிச்சனான். யோசிச்சால் பிந்திப்போகும்."

மன்னிப்புக் கேட்டேன். "வகுப்புக்குப் போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பினார். டீச்சர் என்று கூப்பிடவில்லை.

இதற்காகத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். தேத்தண்ணிக் கடையில் ஆட்களை ஒப்பிடும்போது, ஒரு வீரனின் உச்சம் வயதால் முடியும், காயத்தால் முடியும், அவனைவிடக் கெட்டிக்காரன் வந்தால் முடியும் என்று சொல்வார்கள். அட்டவணை கீறியபோது நானும் அப்படித்தான் கீறினேன். ஒரு நடுவரின் பேனையாலும் முடியும் என்பதற்கு அதில் நிரல் வைக்கவில்லை. இப்போது உங்கள் துண்டில், புள்ளிக்குப் பக்கத்தில் 'காணவில்லை' என்று ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. இங்கே மட்டும்தான் அது உண்டு. வெளியூர் நடுவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாவியுங்கள். பாவித்தால் என்ன நடக்கும் என்பதைத் தலைமை நடுவர் பார்த்துக்கொள்வார்.

நடுவர் வேலையை அப்போதே விடப் போனேன். பிழை எங்கே வரும் என்று தெரிந்த ஆள் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும் என்று செயலாளர் விடவில்லை. ஜெகன் அண்ணா வகுப்பு முடித்து வந்தார். றிஸ்வான் நானா தன் ஆட்களை இப்போதும் கடைக்குப் பின்னால்தான் பழக்குகிறார். அவர்கள் போட்டிக்கு வந்தால் சத்தம் முன்பைவிடப் பெரிது.

ஜெகன் அண்ணா பயிற்றுநராக வந்த பிறகு நடந்த முதல் போட்டிக்கு முந்தின நாள், மேசை ஒழுங்குகளைப் பார்க்க ஐந்து மணிபோல மண்டபத்துக்குப் போனேன். கிழக்குப் பக்கக் கதிரையில், என் கதிரையில், அவர் தனியாக இருந்தார். கூண்டுக்குள்ளால் துறைமுகத்தைப் பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய், மீன் மூடும் நீலப் படங்கு ஒன்றை இழுத்து வந்து மேற்குப் பக்கத் தூண்களில் கட்டத் தொடங்கினார். கச்சான் காற்று அதை வயிறுபோல ஊதித் தள்ளியது. கடல்காரர் போடும் முடிச்சுகளைப் போட்டு இறுக்கினார்.

மறுநாள் கடைசிச் சண்டைக்கு முன் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, படங்கைத்தான் பார்த்தார்.

"இப்ப தெரியுதோ, டீச்சர்?"

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சண்டை தொடங்க இரண்டு நிமிடம், மண்டபம் நிறையச் சனம், அவ்வளவு பாடுபட்டுக் கட்டியிருக்கிறார். ஆனால் படங்கின் இடது பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் வந்த வெயில் கூண்டின் ஒரு மூலையை வெள்ளையாக்கி வைத்திருந்தது.

"அந்த இடது மூலை தெரியேல்ல அண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து போய், முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நான் தெரிகிறது என்று கை காட்டும்வரை சண்டையைத் தொடங்க விடவில்லை.